பலகையை நகர்த்திய கை: ஹொரேஸ் பிப்பின், ஒரு நிகழ்வு ஆய்வு

அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கம்பியால் பலகையில் படம் போடச் சொன்னால் யாரும் கம்பியைத்தான் நகர்த்துவார்கள். முதல் உலகப் போரில் வலது தோளில் காயம்பட்டுத் திரும்பிய அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஹொரேஸ் பிப்பின் பலகையை நகர்த்தினார். வலது முன்கையை முழங்காலின் மேல் சாய்த்துக்கொண்டு, வலது கையில் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு, இடது கையால் பலகையை அதன் புகையும் முனைக்குக் கீழே இழுத்தும் திருப்பியும் கோடு போட்டார். பேனாவை நிறுத்திவைத்துவிட்டுத் தாளை ஓட்டி எழுதுவதுபோல.

இந்த ஒரு செயலை விளங்கிக்கொள்ளத்தான் இந்த ஆய்வு. போர்வீரர் ஓவியரான கதைகளை நாம் கேட்கும் விதம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றுதான்: போர் உடைத்தது, கலை ஒட்டவைத்தது. பிப்பினைப் பற்றியும் அப்படித்தான் சொல்லிவருகிறார்கள். அவருடைய ஆவணங்களையும் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கதை பொருந்தவில்லை. தோள்பட்டை கடைசிவரை சரியாகவில்லை. போரும் அவர் மனதைவிட்டுப் போகவில்லை. நடந்தது வேறு. தூக்க முடியாத ஒரு கையைக்கொண்டு என்னென்ன செய்ய முடியும் என்று ஒரு மனிதர் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். அந்தச் சோதனையிலிருந்து ஒரு செய்முறை பிறந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருபவன் என்பதால் எனக்கு உணர்ச்சிக் கதையைவிட இந்தச் செய்முறைதான் பெரிதாகத் தெரிகிறது. படிப்பவர் அதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பின்னணி

பிப்பின் 1888இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு மேற்கே உள்ள வெஸ்ட் செஸ்டரில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் மாநிலத்துக் கோஷெனில். தாய் வீட்டுவேலை செய்து பிழைத்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த ஓரறைப் பள்ளியில்தான் படிப்பு. எழுத்துக்கூட்டும் பாடத்தில் சொல்லை எழுதிவிட்டுப் பக்கத்திலேயே அந்தப் பொருளின் படத்தையும் போட்டுவிடுவார். அதற்காக அடி வாங்கினார். பத்து வயதில் ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் படம் வரைந்து அனுப்பி, மெழுகுவண்ணப் பெட்டியொன்றைப் பரிசாகப் பெற்றார்.

அந்த வண்ணங்களைக்கொண்டு செய்த ஒரு காரியத்தைப் பின்னாளில் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு கெஜம் மஸ்லின் துணி வாங்கி ஆறு துண்டுகளாக வெட்டி, ஓரத்தில் நூல் பிரித்து, விவிலியக் காட்சிகளை வரைந்து, ஞாயிறுப் பள்ளி விழாவில் விற்றார். வாங்கிய மூதாட்டி ஒருவர் சில நாள் கழித்து அவரைப் பிடித்துக்கொண்டு, துணியைத் துவைத்தேன், இப்போது வெறும் துணிதான் இருக்கிறது என்றார். மெழுகுவண்ணம் துவைத்தால் நிற்காது என்று பையன் விளக்க வேண்டியதாயிற்று. வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிற்காலத்தில் மரத்தைச் சுட்டும், வண்ணத்தை அடுக்கடுக்காய் ஏற்றியும் படம் போட்டவரின் முதல் விற்பனை துவைத்ததும் போய்விட்டது என்பதில் எனக்குச் சிரிப்பு மட்டும் வருவதில்லை.

பதினான்கு வயதில் பண்ணை வேலைக்குப் போனார். அங்கே முதலாளி மேசையில் சாய்ந்து தூங்குவதை வரைய, அவர் பார்த்து மகிழ்ந்து, கலைப்பள்ளிக்கு அனுப்புகிறேன் என்றார். தாய் நோயில் விழவே அது நடக்கவில்லை. பிறகு நிலக்கரி இறக்கினார், தீவனக் கடையில் நின்றார், ஏழு ஆண்டு ஹோட்டலில் சுமைதூக்கினார். 1912இல் நியூஜெர்சியின் பேட்டர்சனுக்குப் போய் வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பும் நிறுவனத்தில் சேர்ந்தார். பிறர் வீட்டு எண்ணெய் ஓவியங்களைப் பெட்டியில் வைத்து ஆணியடிப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. அது தனக்குப் பிடித்திருந்தது என்று எழுதுகிறார். கலைப்பள்ளி வாசலை மிதிக்காதவர் ஓவியங்களைக் கையால் தொட்டுப் பார்த்தது அந்தப் பெட்டிகளுக்குள்தான். பின்னர் இரும்பு வார்ப்பாலை. அங்கிருந்து, 1917இல், பட்டாளம்.

காயம்

அவர் சேர்ந்தது நியூயார்க் தேசியக் காவல் படையின் 15ஆவது ரெஜிமென்ட். பிரான்சில் அது 369ஆவது காலாட்படை என்று பெயர் மாறியது. ஹார்லெம் படை என்று வரலாறு நினைவில் வைத்திருப்பது இதைத்தான். 1917 கடைசியில் கப்பலில் போய் இறங்கியவர்களுக்கு முதலில் கிடைத்தது துப்பாக்கி வேலை அல்ல. ரயில் பாதை போட வைத்தார்கள். கறுப்பின வீரர்களை வெள்ளையரோடு நிற்கவைத்துப் போரிட அமெரிக்கத் தலைமைக்கு மனமில்லை. முடிவில் அந்த ரெஜிமென்ட்டைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தலைக்கவசம், பிரெஞ்சு லெபெல் துப்பாக்கி, பிரெஞ்சு அதிகாரிகளின் கட்டளை. தன் நாட்டுக்காகப் போரிட இன்னொரு நாட்டின் தலைக்கவசத்தை அணிய வேண்டியிருந்தது. அந்தத் தலைக்கவசங்கள் பின்னர் அவர் படங்களில் வருகின்றன. 191 நாள் போர்முனையில் நின்ற ரெஜிமென்ட் அது. பிரெஞ்சு அரசு அதற்குக் குவா தெ கேர் பதக்கம் அளித்தது.

கார்ப்பொரல் பிப்பின், கே கம்பெனி. பதுங்குகுழிகளில் இருந்தபோதே அவர் வரைந்துகொண்டிருந்தார். நூறு படம்வரை இருந்தன, கடைசியில் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டியதாயிற்று என்பது அவர் சொன்னது. போர்க்களத்தில் வரைந்தது எதுவும் வீட்டுக்கு வரவில்லை என்பதை ஆய்வின் ஒரு முக்கியமான தரவாக நான் எடுத்துக்கொள்கிறேன். பின்னர் வந்தவை எல்லாம் நினைவிலிருந்து வந்தவை.

1918 செப்டம்பர் இறுதி. மியூஸ்-ஆர்கோன் தாக்குதலில், செஷோ என்ற சிற்றூரைச் சுற்றிய சண்டை. ஒரு இயந்திரத் துப்பாக்கி நிலையை அடக்கத் தோழர் ஒருவரோடு முன்னேறியபோது, மறைந்திருந்து சுட்டவனின் குண்டு வலது தோளில் பாய்ந்தது. குண்டு பறித்த பள்ளம் ஒன்றில் விழுந்தார். தோழர் கட்டுப்போட்டுவிட்டு முன்னே போனார். எழுந்தால் மீண்டும் சுடுவான், எனவே கிடந்தார். அவ்வழியாக வந்த பிரெஞ்சு வீரர் ஒருவர் பள்ளத்துக்குள் இவரைக் கண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தலையில் குண்டு பட்டு இறந்து, அப்படியே பிப்பின் மேல் விழுந்தார். உடலை நகர்த்தும் வலு பிப்பினிடம் இல்லை. இறந்தவரிடம் இருந்த ரொட்டியையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றும், இடது கையால் வெகுநேரம் துழாவிக் கொஞ்சம் காப்பியும் எடுத்துக் குடித்தேன், அதன்பின் நன்றாக இருந்தது என்றும் எழுதுகிறார்.

போரைப் பற்றி எழுதும் யாரும் இப்படி எழுதுவதில்லை. சாவு தன் மேல் படுத்திருக்கும்போது காப்பி கிடைத்த மகிழ்ச்சியை ஒளிக்காமல் சொல்கிறார். மேலே விழுந்தவனுக்காக ஒரு சொல் வருந்தவில்லையே என்று கேட்கலாம். அந்த நேரத்தில் என்ன நடந்ததோ அதைச் சொல்கிறார், பிறகு தோன்றியதை அல்ல. அவர் படங்களிலும் இதே குணம்தான் இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: வலது கை செத்துக் கிடக்க, இடது கை தனியே வேலை பழகத் தொடங்கியது அந்தப் பள்ளத்தில்தான்.

தூக்கிச் சென்ற பிறகும் இரவு முழுவதும் மழையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். மருத்துவர்கள் தோளில் எஃகுத் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்த அதன்பின் அவரால் முடியவில்லை. 1919இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஊனத்துக்கான உதவித்தொகை மாதம் 22.50 டாலர்.

எழுத்தில் தொடங்கி நெருப்பில்

1920இல் ஜென்னி என்ற கைம்பெண்ணை மணந்து, பிறந்த ஊரான வெஸ்ட் செஸ்டரிலேயே குடியேறினார். ஜென்னிக்கு முந்தைய மணத்தில் ஒரு மகன் இருந்தான். அவர் துணி வெளுத்துக் கொடுத்தார்; பிப்பின் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முன்னாள் வீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியனின் உள்ளூர்க் கறுப்பினக் கிளைக்குத் தலைமையும் தாங்கினார். இந்த இடம் முக்கியம். தனிமையில் மூழ்கிய, பித்துப் பிடித்த முன்னாள் வீரர் என்ற வார்ப்பில் இவர் அடங்கமாட்டார். ஊரில் மதிப்பாக, கூட்டத்தோடு வாழ்ந்தவர். உள்ளே இருந்ததை வேறு வழியில் கையாண்டார்.

முதல் வழி எழுத்து. போர் நினைவுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதினார்; அவை இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்கக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எழுத்துப்பிழைகள் நிறைய. புள்ளியும் காற்புள்ளியும் மனம்போன இடத்தில். ஆனால் மழை, சகதி, விஷவாயு எச்சரிக்கை, இரவு ரோந்து எல்லாம் நாள் நாளாக அதில் உண்டு. இடையிடையே பென்சிலிலும் மெழுகுவண்ணத்திலும் சில படங்கள். இந்த நோட்டுகளைப் படங்களுக்கான முன்தயாரிப்பு என்று பலர் கடந்துபோகிறார்கள். எனக்கு அவை ஒரு தோல்வியின் பதிவாகத் தெரிகின்றன. எழுதி முடித்த பிறகும் அவருக்குப் போதவில்லை. போதியிருந்தால் கம்பியைக் கையில் எடுத்திருக்க மாட்டார்.

1920களின் நடுவில் ஒரு குளிர்காலம். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தீக்கோலைப் பார்த்தார். உபயோகமில்லாமல் கிடந்த மடக்கு மேசையின் ஓக் பலகை ஒன்றும் இருந்தது. கம்பியால் அதில் கோடு சுட்டார். நம் ஊரில் மாட்டுக்கு அடையாளமிடச் சூட்டுக்கோல் வைப்பார்களே, ஏறக்குறைய அந்தச் செயல்தான்.

இனி, இந்தச் செயலைக் கையின் நிலையிலிருந்து பார்ப்போம். நிமிர்த்திவைத்த கேன்வாஸ் முன்னால் நின்று தூரிகை பிடிக்க வேண்டுமென்றால் மேற்கையைத் தோளிலிருந்து தூக்கி, அந்தரத்தில் நிறுத்திவைக்க வேண்டும். சிறிய படத்துக்கே சில மணி நேரம். தோள் மூட்டும் அதைச் சுற்றிய தசைகளும் கெட்டுப்போன ஒருவருக்கு அது முடியாத காரியம். அவரிடம் மிச்சமிருந்தவை முழங்கையும் மணிக்கட்டும் விரல்களும். முழங்காலில் கையைச் சாய்த்ததும் தோளுக்கு வேலை இல்லாமல் போகிறது. கம்பியின் எடையை முழங்கால் ஏற்கிறது. கோட்டின் போக்கை நல்ல கையான இடது கை, பலகை வழியாகத் தீர்மானிக்கிறது. அதாவது வரைவது இடது கை. வலது கை வெறும் தாங்கி. கை மருத்துவம் படித்த ஒருவர் திட்டம் போட்டுக் கொடுத்தாலும் இதைவிடச் சிக்கனமாகக் கொடுத்திருக்க முடியாது.

இதற்கு இரண்டு விளைவுகள் உண்டு. நெருப்புக் கோட்டை அழிக்க முடியாது. ஆகவே படம் முழுவதும் முதலிலேயே மனதில் முடிந்திருக்க வேண்டும். பின்னாளில் தன் முறையைக் கேட்டவர்களுக்கு அவர் சொன்னதும் அதுதான்: படம் முதலில் மனதுக்கு வரும், அதை மனதில் பலமுறை ஓட்டிப் பார்ப்பேன், வரையத் தகுந்தது என்று பட்டால் வரைவேன், தொடங்கும்போது எல்லா விவரமும் தயாராக இருக்கும். கம்பி கற்றுக்கொடுத்த ஒழுக்கம் தூரிகைக்கும் வந்துவிட்டது என்பது என் முடிவு. இரண்டாவது விளைவு, கை பழகியது. மெதுவாக, கட்டுப்பாட்டோடு, சின்ன எல்லைக்குள். பனி மூடிய நிலத்தில் மூடுவண்டி ஒன்று போகும் ‘வழி தவறி’ என்ற 1930ஆம் ஆண்டுப் பலகைப் படம் அந்தக் காலத்தது. சுடாத மரம் பனியாகவும் சுட்ட கோடு மரக்கிளையாகவும் நிற்கிறது.

முதல் போர்ப்படம்

கை கொஞ்சம் தேறியதும் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். வலது கையில் தூரிகை. அந்த மணிக்கட்டை இடது கை தாங்கிப் பிடித்து வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகும். முதலில் எடுத்துக்கொண்டதே போர். ‘போரின் முடிவு: வீடு நோக்கிப் புறப்படுதல்’ என்ற அந்தப் படம் 1930 முதல் 1933 வரை மூன்று ஆண்டு பிடித்தது. ஏறத்தாழ 25க்கு 30 அங்குலம். அவ்வளவுதான். வண்ணத்தின் மேல் வண்ணமாக நூறு பூச்சுவரை ஏற்றினார் என்பார்கள். எண்ணிக்கை எப்படியிருந்தாலும், பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படத்தில் வண்ணம் மண்போல அப்பிக் கிடக்கிறது. காய்ந்த சகதியின் தடிமன் அதற்கு.

தலைப்பைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தால் திகைப்பு வரும். யாரும் வீடு திரும்பவில்லை. மூட்டையைத் தோளில் போட்டு நடப்பவர் இல்லை, கப்பல் இல்லை, சாலை இல்லை. ஜெர்மானியர் கைகளைத் தூக்கிச் சரணடைகிறார்கள். முள்வேலி. காட்டிலிருந்து வெளியே வரும் கறுப்பின வீரர்கள். வானத்தில் விமானங்கள் எரிந்து விழுகின்றன, குண்டுகள் வெடிக்கின்றன. போர் முடிகிற அந்தக் கணத்திலும் போர் நடந்துகொண்டேயிருக்கிறது. அவருக்கு வீடு நோக்கிப் புறப்படுதல் என்பது இந்தக் காட்சி; இதிலிருந்து புறப்பட்டார் என்பது மட்டும்தான் தலைப்பு. போய்ச் சேர்ந்ததாக அது சொல்லவில்லை. ஜெர்மானியரின் தூக்கிய கைகளைப் பார்க்கும்போதெல்லாம், இவற்றை வரைந்தவரால் இப்படித் தன் கையைத் தூக்க முடியாதே என்ற நினைப்பு எனக்கு வந்துவிடுகிறது. அவர் அதை நினைத்தாரா என்பதற்குச் சான்று ஏதுமில்லை. எனவே அதற்கு மேல் போகவில்லை.

படச்சட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. கையெறிகுண்டு, டாங்கி, துப்பாக்கி, தலைக்கவசம் ஆகியவற்றை மரத்தில் செதுக்கிச் சட்டத்தைச் சுற்றிப் பொருத்தினார். பொதுவாகப் படச்சட்டம் படத்தை அறையிலிருந்து பிரிக்கும். இங்கே சட்டத்திலிருந்து ஆயுதங்கள் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

போருக்கும் இந்தப் படத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது. போரில் இயந்திரத் துப்பாக்கி இயக்கிய ஓட்டோ டிக்ஸ் போன்ற ஜெர்மன் ஓவியர்களோடு இவரை ஒரே மூச்சில் சொல்வதுண்டு. டிக்ஸ் போருக்கு முன்பே பயிற்சி பெற்ற ஓவியர். ஊர் திரும்பிய சில ஆண்டுகளில் அவரால் போரை வரைய முடிந்தது. பிப்பின் போரை வரைவதற்கு முன்னால் கையை உருவாக்க வேண்டியிருந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ‘மன அதிர்ச்சியால் வந்த மௌனம்’ என்று எழுதுவது எளிது. கையெழுத்து நோட்டும் சுட்ட பலகைகளும் இருக்கும்போது அதை மௌனம் என்று எப்படிச் சொல்வது?

போர் தனக்குள் இருந்த கலை அத்தனையையும் வெளியே கொண்டுவந்தது என்று பின்னர் அவர் எழுதினார். இந்த வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதை ஒட்டி அவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: பட்ட துன்பத்தை மறக்க முடியாது, சூரியன் மறைந்த காட்சியையும் மறக்க முடியாது, எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்தேன், அதிலிருந்துதான் இன்றும் வரைகிறேன் என்ற பொருளில் எழுதினார். பிரான்சின் ஷாம்பேன் பகுதியின் பதுங்குகுழியிலிருந்து துன்பத்தோடு அந்தி வானத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர்.

பெயர் சூட்டியவர்கள்

1937இல் செஸ்டர் மாவட்டக் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அவர் படங்கள் தொங்கின. ஒரு செருப்புத் தைக்கும் கடையின் கண்ணாடிச் சன்னலில் இருந்த படத்தை விமர்சகர் கிறிஸ்டியன் பிரின்டன் கண்டெடுத்தார் என்றொரு கதை உண்டு. அவரும் ஓவியர் என். சி. வைத்தும் இவரை முன்னே கொண்டுவந்தார்கள். கண்டெடுப்புக் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. கடைச் சன்னலில் படத்தை வைத்தவர் பிப்பின். கண்ணில் பட வேண்டும் என்றுதானே வைப்பார்கள்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. 1938இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகக் கண்காட்சியில் நான்கு படங்கள். 1940 ஜனவரியில் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்லென் தம் காட்சிக்கூடத்தில் தனிக் கண்காட்சி வைத்தார். பெரும் சேகரிப்பாளரான ஆல்பர்ட் பார்ன்ஸ் அதற்குக் கட்டுரை எழுதினார், படங்களையும் வாங்கினார். நடிகர் சார்ல்ஸ் லாட்டன் ஒன்றை வாங்கினார். பார்ன்ஸ் நடத்திய வகுப்புகளுக்குப் பிப்பின் கொஞ்ச நாள் போனார், தொடரவில்லை.

இந்த ஆண்டுகளில் அவர்மேல் ஒட்டப்பட்ட சீட்டு ‘தற்கால ஆதிக் கலைஞர்’, அதாவது படிக்காத, இயல்பாய் வரைகிற கை. நல்லெண்ணத்தோடு ஒட்டியதுதான். ஆனால் அந்தச் சீட்டு ஒரு வேலையைச் செய்தது: அவர் எடுத்த முடிவுகளையெல்லாம் இயல்பு என்று ஆக்கிவிட்டது. 1943ஆம் ஆண்டின் ‘டொமினோ ஆட்டக்காரர்கள்’ படத்தைப் பாருங்கள். இப்போது வாஷிங்டனின் பிலிப்ஸ் சேகரிப்பில் இருக்கிறது. ஒரு சமையலறை, அடுப்பு, விளக்கு, மேசையைச் சுற்றி ஆட்டம், ஓரத்தில் துண்டுத்துணி தைக்கும் பெண். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக இருக்கும் அறையில் சிவப்பு எண்ணி எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது தெரிந்த கை அது. மெய்யியலாளர் அலேன் லாக் இவரை எந்த வகைக்குள்ளும் அடைக்க முடியாது என்று கருதினார். 1945இல் ஒரு ஹாலிவுட் படத்துக்காகப் புனித அந்தோனியின் சோதனையை வரையும் போட்டி நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் சால்வடோர் டாலி, மாக்ஸ் ஏர்ன்ஸ்ட், லியோனோரா காரிங்டன், அவர்களோடு பிப்பின். வென்றது ஏர்ன்ஸ்ட். ஆதிக் கலைஞரை அந்தப் பட்டியலில் சேர்க்கும்போது யாருக்கும் இடிக்கவில்லை போலும்.

ஜான் பிரவுன் வரிசையையும் இங்கே சொல்ல வேண்டும். அடிமை முறையை ஆயுதமெடுத்து எதிர்த்ததற்காக 1859இல் தூக்கிலிடப்பட்டவர் பிரவுன். அந்த நாளில் தன் பாட்டி அங்கே இருந்தார் என்பது பிப்பின் வீட்டில் சொல்லப்பட்ட கதை. 1942இல் வரைந்த ‘தூக்குமேடைக்குச் செல்லும் ஜான் பிரவுன்’ படத்தில் கூட்டம் முழுவதும் வண்டியைப் பார்க்க, வலது மூலையில் ஒரு கறுப்பினப் பெண் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கிறார். போரைத் தன் நினைவிலிருந்து வரைந்தவர், இதைப் பாட்டியின் நினைவிலிருந்து வரைந்திருக்கிறார். முறை ஒன்றுதான்.

இரண்டாவது போர்

1940களில் அமெரிக்கா மீண்டும் போருக்குப் போனது; கறுப்பினத்தவரை மீண்டும் தனிப் படைகளில் வைத்தே அனுப்பியது. வெளியே பாசிசத்தையும் உள்ளே நிறவெறியையும் வெல்ல வேண்டும் என்று கறுப்பினப் பத்திரிகைகள் ‘இரட்டை வெற்றி’ முழக்கத்தை எழுப்பின. பிப்பின் 1943இல் ‘திருவாளர் பாரபட்சம்’ வரைந்தார். படம் சின்னது, 18க்கு 14 அங்குலம். வெற்றியைக் குறிக்கும் பெரிய ‘வி’ எழுத்தின் நடுவில் ஒருவன் ஆப்பு வைத்துச் சுத்தியலால் அடிக்கிறான். கூக்ளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கும்பலின் முகமூடியணிந்த ஆள் ஒருபுறம். மறுபுறம் சுதந்திர தேவி, பழுப்பு நிறத்தில். கீழே கறுப்பின வீரர்கள் ஒரு பக்கமும் வெள்ளையர் ஒரு பக்கமும். அவர்களுக்கிடையே முதல் உலகப் போரின் சீருடையில் ஒருவர், வலது கை தொங்கியபடி. அது பிப்பின்தான் என்று பலரும் கருதுகிறார்கள். பிரச்சாரப் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. இதிலும் ஆப்பும் எழுத்தும் சற்று உரக்கவே பேசுகின்றன. அந்தத் தொங்கும் கை மட்டும் பேசவில்லை. அதனால் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

1945இல், காயம் பட்டு 27 ஆண்டு ஆன பிறகு, போரில் காயம்பட்டவர்களுக்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை அரசு அவருக்கு அளித்தது. அதே ஆண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அடுக்குப் படுக்கைகளும் வீரர்களுமாக ‘படைக் குடில்’ என்ற படத்தை வரைந்தார். பழைய போர் இன்னும் தீரவில்லை.

வீட்டில் நிலைமை சரிந்துவிட்டது. 1944இல் ஜென்னி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிப்பின் அதிகமாகக் குடிக்கத் தொடங்கினார். கலை அவரைக் குணப்படுத்திவிட்டது என்று எழுதுபவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டுகிறார்கள். அவர் குடித்தபோதும் வரைந்துகொண்டிருந்தார் என்பதுதான் பதிவு.

வரைந்தது ‘புனித மலை’. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் சேர்ந்து வாழும், சிறு குழந்தை அவற்றை மேய்க்கும் என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் வாக்கு அதற்கு மூலம். சிங்கம், சிறுத்தை, கரடி, கன்று, பாம்புப் புற்றருகே குழந்தைகள், நடுவில் வெள்ளை உடையில் ஒரு மேய்ப்பன். முன்னால் பூக்கள் நெருக்கமாய்ப் பூத்திருக்கின்றன. இவ்வளவு அமைதியான படத்தில் அவர் தேதி போட்டிருக்கிறார். முதலாவது படத்தில் 1944 ஜூன் 6: நேசப்படைகள் நார்மண்டியில் இறங்கிய நாள். இரண்டாவதில் அந்த ஆண்டு டிசம்பர் 7: பேர்ல் ஹார்பர் நினைவு நாள். மூன்றாவதில் 1945 ஆகஸ்ட் 9: நாகசாகி. பின்னால் உள்ள இருண்ட காட்டுக்குள் உற்றுப் பார்த்தால் மரங்களுக்கிடையே விரல் நகம் அளவில் வீரர்கள் நடமாடுகிறார்கள், சிலுவைகள் நிற்கின்றன, ஓர் உடல் மரத்தில் தொங்குகிறது. பலர் அவற்றைக் காணாமலே அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடக்கூடும். அவை இல்லாமல் அந்த மலையை வரைய அவருக்கு மனம் வரவில்லை.

1946 ஜூலை 6 அன்று, 58 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். சில நாட்களில், மருத்துவமனையில் இருந்த ஜென்னியும் இறந்தார். ‘புனித மலை’ வரிசையில் நான்காவது, பாதியில் நின்றது.